துறைமுகத்துக்கு வந்த டாக்சி

"26.11.2013, செவ்வாய்க்கிழமை. ஏழாம் வகுப்பு வரலாற்று நடை. காலை பத்து மணிக்குக் கால்மெயர்ஸ் வீதியில் தொடங்கி, ஒரு மணிக்குத் துறைமுகத்தில் முடியும். தடித்த காலுறையும் மழை அங்கியும் மதியச் சாப்பாடும் கொண்டுவரவும்."

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அந்த அறிவித்தல் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. அதன் அடியில் அம்மா பேனாவால் ஆசிரியைக்கு எழுதியிருக்கிறார்: "இரண்டு மணிக்குக் கண் வைத்தியர். தகப்பன் துறைமுகத்துக்கே வந்து ஏற்றிச் செல்வார்." அதற்கும் கீழே, பென்சிலால், என் பன்னிரண்டு வயதுக் கையெழுத்தில் ஒரு கணக்கு: 1942 − 1967 = −25. பக்கத்தில், "ஆகவே அப்பா இல்லை."

இப்போது எழுதப்போவது அந்தக் கணக்கைப் பற்றி.

நாங்கள் நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவில், ஹவுகன்ஸ்டுவா என்ற பகுதியில் ஏழாம் மாடியில் குடியிருந்தோம். அப்பா டாக்சி ஓட்டினார். அந்த வருடம் வகுப்பில் பெற்றோரின் தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னபோது, நான் அப்பாவின் கறுப்பு மெர்சிடிஸின் படத்தை ஒட்டி, ஒஸ்லோவில் அவருக்குத் தெரியாத தெருவே இல்லை என்று பெருமையடித்திருந்தேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. காரின் பின்பெட்டியில் எப்போதும் ஒரு பெட்டி தண்ணீர்ப் போத்தல் இருக்கும். பிள்ளைகளோடு யார் ஏறினாலும் அப்பா முதலில் போத்தலைத்தான் நீட்டுவார். குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வரும் ஊரில் இது எனக்கு வெட்கமாக இருந்தது. "ஒஸ்லோவிலை தண்ணிப் பந்தல் வைச்சிருக்கிற ஒரே மனுசன் உங்கடை அப்பாதான்" என்பார் அம்மா. அப்பா சிரிக்கமாட்டார்.

அன்று எங்களை நடத்திச் சென்றவர் ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி. சிவப்புக் கம்பளித் தொப்பி அணிந்திருந்தார். மெதுவாகத்தான் பேசுவார், ஆனாலும் யாரும் சத்தம் போடவில்லை. போருக்கு முன் யூதக் குடும்பங்கள் இருந்த வீடுகளின் முன்னால் நின்று, நடைபாதையில் பதித்திருந்த சின்னப் பித்தளைக் கற்களைக் காட்டினார். ஒவ்வொரு கல்லிலும் இங்கே வாழ்ந்தவரின் பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுசெல்லப்பட்ட நாள், கொல்லப்பட்ட இடம். ஒரு கல்லில் என் சப்பாத்து பட்டுவிட்டது. பழக்கதோஷம், உடனே குனிந்து கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை செய்" என்றார். கூச்சமாக இருந்தது, செய்தேன். அப்போதுதான் கல்லில் இருந்த ஆண்டுகளைக் கழித்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளைக்கும் பன்னிரண்டு வயது.

இவர்களை ஜெர்மன் சிப்பாய்கள்தான் வந்து இழுத்துப் போயிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் இல்லை என்றார். 1942 நவம்பர் 26, விடிய முன்னர், கதவைத் தட்டியது நோர்வேப் பொலிஸ். ஆண்களில் பலரை ஒரு மாதம் முந்தியே பிடித்துவிட்டார்கள். அன்று வந்தது பெண்களையும் பிள்ளைகளையும் வயதானவர்களையும் பிடிக்க.

"எதில் கொண்டுபோனார்கள்?" என்று ஒருவன் கேட்டான்.

"டாக்சியில். ஏறத்தாழ நூறு டாக்சிகளை அமர்த்தியிருந்தார்கள். ஒஸ்லோ டாக்சிகள்தான்."

வகுப்பு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது.

நான் கையை உயர்த்தினேன். "டாக்சிக்காரர்கள் மாட்டோம் என்று சொல்லவில்லையா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "யாராவது சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல விருப்பமில்லை."

அதன் பிறகு நடந்த தெருக்கள் எனக்கு நினைவில் இல்லை. கடைசியில் நகரத்துப் பழைய கோட்டைக்குக் கீழே, துறைமுகத்தில் நின்றோம். இருக்கைப் பலகை இல்லாத இரும்பு நாற்காலிகள் சில அங்கே நினைவுச்சின்னமாக வெறுமையாக நின்றன. இங்கிருந்துதான் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களோடு கப்பல் வதைமுகாமை நோக்கிப் புறப்பட்டது என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கறுப்பு மெர்சிடிஸ், கூரை விளக்கு எரிய, மெதுவாக வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றது.

"கடைசி டாக்சியும் வந்துவிட்டது. ஏறாதே, கப்பலுக்குக் கொண்டுபோய்விடும்" என்றான் பின்னால் நின்ற ஒருவன். ஆசிரியை அவனை அதட்டினார். அதற்குள் அப்பா கதவைத் திறந்துவிட்டிருந்தார்.

"ஏறு பிள்ளை. இதிலை கனநேரம் நிக்கேலாது."

என் கால் நகரவில்லை.

"என்ன, காய்ச்சலே? ஏறு, நேரம் போகுது."

ஏறினேன். போத்தலை நீட்டினார். வேண்டாம் என்றேன். இரண்டு சந்தி கடந்த பிறகுதான் வாய் திறந்தேன்.

"அப்பா, ஆக்களை ஏத்திக்கொண்டு வா எண்டு சொன்னா நீங்களும் போவீங்களோ?"

கார் குலுங்கி நின்றது. பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"எங்களைக் கூட்டிக்கொண்டு போன மனுசி."

"அவவுக்கு எப்பிடித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியுமாம். புத்தகத்திலையும் இருக்காம்."

அப்பா காரை ஓரங்கட்டினார். கை இரண்டும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. என்னைப் பார்க்காமல், கண்ணாடியைப் பார்த்துக் கதைத்தார்.

"எனக்கு அப்ப கலியாணமும் இல்லை. ஓட்டிற வானைக் கொண்டு வா எண்டாங்கள். துவக்கோடை வாசல்லை வந்து நிண்டு சொன்னா என்ன செய்யிறது? அதுகளுக்கு ரெண்டு மணித்தியாலம்தான் குடுத்தவங்கள். உன்ரை வயசிலை ஒரு பிள்ளை. தண்ணி, தண்ணி எண்டு கேட்டுக்கொண்டே வந்தது. நிப்பாட்ட விடேல்லை."

"ஆர் விடேல்லை?"

"பின்னாலை இருந்தவன்." பிறகு, "வீட்டிலை இதைக் கதைக்காதை."

கண் வைத்தியர் எனக்குக் கண்ணாடி வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, அறிவித்தலின் அடியில் அந்தக் கணக்கைப் போட்டேன். அப்பா பிறந்தது 1967. கப்பல் போனது 1942. இருபத்தைந்து வருடம் குறைகிறது. அப்பா அன்றைய டாக்சிக்காரன் ஒருவனைப் போல நடித்துக் காட்டியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். நிம்மதியாக நித்திரை கொண்டேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

2022இல், பல்கலைக்கழக நூலகத்தில், வேறு ஏதோ தேடும்போது 1990 அக்டோபரைப் பற்றி வாசித்தேன். இலங்கையின் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் தமிழ்ப் போராளிகளின் இயக்கம் வெளியேறச் சொன்ன மாதம். அப்பா அப்போது இருந்த யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அந்த வரியை நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். எங்கே என்று விளங்கச் சில விநாடிகள் எடுத்தன. எங்கள் வீட்டில் போரின் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு நாளும் பேசப்பட்டிருக்கிறது; இந்த ஒரு மாதத்தைப் பற்றி எவரும் ஒரு சொல் சொன்னதில்லை.

இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். கப்பலில் போனவர்களில் மிகச் சிலரே உயிரோடு திரும்பினார்கள். வானில் ஏற்றப்பட்டவர்கள் அகதிமுகாம்களுக்குப் போனார்கள். இதை முதலில் எழுதி வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

அப்பா அப்போது முதுகுவலியால் டாக்சியை விட்டிருந்தார். சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். "தொண்ணூறிலை நீங்கள் ஓட்டின வானிலை முஸ்லிம் ஆக்களை ஏத்தினீங்களோ?" என்று நேரே கேட்டேன்.

கத்தி நின்றது.

"ஓம்," என்றார். "உனக்கு அண்டைக்கே சொல்லிப்போட்டனே."

எனக்கு அன்று விளங்காதது அதுதான். அவர் நடிக்கவில்லை. இருபத்துமூன்று வருடமாக யாரும் கேட்காத கேள்வியை யாரோ கேட்டுவிட்டார்கள் என்று நினைத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பதில் சொல்லியிருக்கிறார். அதை நான் கழித்தல் கணக்கால் தள்ளுபடி செய்துவிட்டேன்.

"தண்ணி கேட்ட பிள்ளை?" என்றேன்.

"நிப்பாட்டினனான். ஒரு கிணத்தடியிலை நிப்பாட்டி எல்லாருக்கும் குடுத்தனான்," என்றார். மறுபடி வெங்காயம் வெட்டத் தொடங்கினார். அதற்குப் பிறகு எத்தனை தரம் கேட்டும் ஒரு சொல் இல்லை.

கோப்பில் இரண்டு கூற்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். 26.11.2013: "நிப்பாட்ட விடேல்லை." 2022, திகதி குறிக்கத் தவறிவிட்டேன்: "நிப்பாட்டினனான்." அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தால் இன்று, 2025இல், நாற்பத்தேழு வயதளவில் இருக்கும். அதன் பெயர் அப்பாவுக்குத் தெரியாது. வான் அன்று நின்றதா என்பது இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.