யார் கை முழம்?

என் பெயரை முதலில் கெடுத்தவர் உபதேசியார் ஞானமுத்து. அளவுகோலை விட்டுவிட்டு வேதப் புத்தகத்தோடு வருகிற வாடிக்கையாளரிடம் மாட்டிய தச்சர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பெட்டி

இலங்கையிலிருந்து வந்து நெல்லியாளம் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், குடியேறிய புதிது. தேவாலயத்தில் அங்கியும் பாட்டுப் புத்தகமும் வைக்க உபதேசியார் ஒரு பெட்டி கேட்டார். வேதத்திலேயே அளவு இருக்கிறதென்றார்: நீளம் இரண்டரை முழம், அகலமும் உயரமும் ஒன்றரை. பலகை எத்தனை கனம், கீல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். வேதத்துப் பெட்டியைச் செய்த அந்தக் காலத்து ஆசாரி இத்தனை கேள்வி கேட்கவில்லை என்றார்.

என் கையால் முழம் போட்டுச் செய்தேன். அவரோ பீடத்துக்குப் பக்கத்தில் தன் கையால் அளந்து இடம் விட்டிருந்தார். அவர் நெடுநெடுவென்று வளர்ந்தவர், நான் குள்ளம். பெட்டியை வைத்த பிறகும் ஒரு கோழி உட்கார இடம் மிச்சம். சபை மொத்தத்துக்கும் முன்னால் சொன்னார்: "வேதத்துல பிழை வராதுங்க. பிழை உங்க கையிலதான்."

சப்பரம்

அன்றிலிருந்து லயத்தில் நான் கைப்பிழை ஆசாரி. மாரியம்மன் சப்பரத்துக்கு நாலு காலும் மாற்ற வேண்டியிருந்தபோது என் கையை யாரும் நம்பவில்லை. சாஸ்திரப்படி கோயில் தலைவர் கைதான் அளவு என்றார்கள். தலைவர் நான்தான் என்று இரண்டு பேர் கையை நீட்டினார்கள். சண்டை வேண்டாமென்று அவரவர் கை அளவில் ஆளுக்கு இரண்டு கால் வைத்தேன். சப்பரம் சாய்ந்து நின்றது. இருவரில் மூத்தவர் சுற்றி வந்து பார்த்தார். "ஆத்தா மலைச் சரிவுலயே இருந்து பழகினவ. விடுப்பா."

தாள்

ஃபாக்டரியில் சல்லடை மிஷினுக்கு மரச் சட்டம் செய்யக் கூப்பிட்டார்கள். உயரம் மிஷினோடு வந்த தாளில் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் வராது, எண் வரும். ஆனால் ஃபாக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, குங்குமம் வைத்திருந்தார். பொட்டு சரியாக எண்ணின் மேல். துடைக்கட்டுமா என்றேன். "படிச்சா சந்தேகம் வரும் ஆசாரி. கும்பிட்டா மிஷின் ஓடும்."

குச்சி

போன மாதம் உபதேசியார் தடியூன்றிக்கொண்டு வந்தார். அந்தக் கோழி இடத்துக்கு ஒரு சின்ன அலமாரி வேண்டுமாம். இந்தத் தடவை முழம் சொல்லவில்லை. இடத்துக்குச் சரியாக ஒடித்த குச்சி ஒன்றைக் கொடுத்தார். பிழை என் கையில் இல்லை என்று அதே சபையில் சொல்லுங்கள், செய்து தருகிறேன் என்றேன். குச்சியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "வேதத்துல அளவுதானுங்க இருக்குது. ஆசாரி கையில பிழை இல்லைன்னு சபையில சொல்லோணும்னு எங்கயும் இல்லீங்க."

வேதம் வேலைக் குறிப்பா என்று கேட்டால், குறிப்புதான், யார் கை என்று மட்டும் எழுதாமல் விட்டார்கள். அது என் கைப்பிழை இல்லை என்று உபதேசியார் சபையில் சொல்கிறவரை அந்த இடத்தில் கோழிதான் உட்கார வேண்டும்.