முந்நூறு சத்தத்தில் ஒன்று

இன்று சாவகச்சேரியில் ஒரு கலியாணம். தேவாலய வாசலில் மணப்பெண் எங்கள் பாட்டுக்காகக் காத்து நிற்கிறாள்.

எங்கள் பாடகர் குழுவின் கிற்றார்க்காரன் ஜெகன், காதில் ஹெட்போனோடு, கிற்றாரின் சத்தத்தை மாற்றும் தன் புதுப் பெட்டியைத் திருகிக்கொண்டிருக்கிறான். அதற்குள் முந்நூறு அம்பிளிஃபயர்களின் சத்தம் இருக்கிறதாம். கிற்றாரில் இவனுக்குத் தெரிந்த பிடிகளோ மூன்றே மூன்று.

பெண்ணின் தகப்பன் என்னிடம் வந்தார். "பிள்ளை வெயிலுக்கை நிக்குது. உவன் என்ன நோண்டுறான்?"

"பொறுங்கோ ஐயா, இந்தச் சத்தம் வெளிறிக் கிடக்கு" என்றான் ஜெகன்.

இருபது நிமிடம் கழித்துத் தலையாட்டினான். பாடினோம்.

முடிந்த பிறகுதான் கவனித்தேன். ஹெட்போன் இன்னும் பெட்டியில் செருகியே இருந்தது. அது செருகியிருந்தால் ஸ்பீக்கருக்கு எதுவும் போகாது. அவன் வாசித்தது அவனுக்கு மட்டுமே கேட்டிருக்கிறது.

"இண்டைக்குச் சவுண்ட் திறம், என்ன அண்ணை?" என்றான் ஜெகன்.

"ஓம் தம்பி, இப்பிடி ஒருநாளும் அமையேல்லை."

அடுத்த கலியாணத்திலும் அவன் அந்த ஹெட்போனைக் கழற்றாமலிருக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.