வாத்துச் சீசனின் முதல் சனிக்கிழமை

மார்ச் மாதம் மூன்றாம் சனிக்கிழமை, நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில் வாத்துச் சுடும் சீசன் தொடங்கும். இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டுச் சீசனுக்கு நான் முந்தின நவம்பரிலேயே காத்திருக்கத் தொடங்கிவிட்டேன். எங்கள் ஆட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள் என்று ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. துவக்கும் லைசென்சும் என் மனிசனுடையவை. எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். முதல் நாள் விடிய, வெடிச் சத்தமே கேட்டிராத வாத்துகள் குளத்தை விட்டு ஒன்றாக எழும்புவதை ஒருதரம் நேரில் பார்க்க வேண்டும்.

இந்த ஆசை ஒரு டிவிடியால் வந்தது. இவர் வெரிபீ என்ற ஊரில் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் மோல்ட்டா நாட்டுக்காரர் ஒருவரோடு பழக்கம். பென்சன் எடுத்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வாத்துச் சுடப் போவதென்று தீர்மானம். ஆனால் துவக்கு லைசென்ஸ் மட்டும் இருந்தால் போதாது, வாத்துச் சோதினை ஒன்றும் பாஸ் பண்ண வேண்டும். ரீவியில் வாத்துகளைப் பறக்கவிட்டுக் காட்டுவார்கள். எதைச் சுடலாம், எதைச் சுடக்கூடாது என்று அடையாளம் போட வேண்டும். முதல் தரம் இவர் பெயில். சுடக்கூடாத வாத்து ஒன்றைச் சுடலாம் என்று போட்டுவிட்டார்.

படிக்கத் தந்த டிவிடியைப் பின்னேரங்களில் போடுவார். கதிரையில் சாய்ந்து பத்து நிமிஷத்தில் குறட்டை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டு முழுவதையும் பார்ப்பேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷில் எழுதிக் காட்டும் பெயர்களை வாசிக்க வராது. அதனால் நானே பெயர் வைத்தேன். முகத்தில் இரண்டு கறுப்புக் கோடு உள்ளது இரட்டைக்கோடு. நெஞ்சில் வரி உள்ளது வரிக்குதிரை. பின்தலை கூம்பி, பறக்கும்போது கூனிக்கொண்டு போவது உச்சிக்குடுமி. இவரைப் பெயிலாக்கியது அதுதான். தூரத்தில் பார்த்தால் இரட்டைக்கோடு போலவே இருக்கும். கழுத்தைப் பார்க்க வேண்டும். இரட்டைக்கோடு கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கும்.

குறட்டை விட்டு எழும்பினவருக்கு நான்தான் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். என் பெயர்களை வைத்தே பாடமாக்கினார். மோல்ட்டாக்காரரிடம் தான் இரவு பகலாகப் படிக்கிறதாகச் சொல்லிக்கொண்டார்.

இரண்டாம் தரம் சோதினைக்குப் போன அன்று அம்மன் படத்துக்கு விளக்கேற்றி, பாஸ் பண்ணினால் பங்குனி மாதம் முழுக்க இந்த வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை என்று நேர்ந்துகொண்டேன். பங்குனித் திங்கட்கிழமை விரதம் எப்படியும் பிடிக்கிறனான். மிச்ச நாட்களையும் சேர்த்துப் பிடித்தால் என்ன என்று நினைத்தேன். அது நவம்பர். பங்குனி எங்கேயோ தூரத்தில் இருந்தது.

பாஸ் பண்ணிவிட்டார். சந்தோஷத்தோடு தமிழ்க் கலண்டரை எடுத்துச் சீசன் தொடங்கும் நாளில் வட்டம் போட்டார். போட்டுவிட்டு அப்படியே நின்றார். பங்குனி ஐந்தாம் நாள்.

"இஞ்சேரும், நேர உமக்கு வேற மாசம் கிடைக்கேல்லையோ?"

கறிக்கு வழி கண்டுபிடித்துவிட்டார். சித்திரை பிறக்கும் வரை வாத்துகள் மோல்ட்டாக்காரரின் பிறீசரில் கிடக்கும். எனக்குத்தான் வழி இல்லை. என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ என்று கேட்க எத்தனையோ நாள் இருந்தது. கேட்க வெட்கம். ஆம்பிளைகள் கூடாரம் அடித்துப் படுக்கிற இடத்துக்கு இந்த வயதில் என்ன துள்ளல் என்று யாரும் நினைத்தால்? அவராகக் கேட்கட்டும் என்று விடியக் குளிருமோ, சேறு இருக்குமோ என்று விசாரித்தேன். எனக்கென்று றப்பர் சப்பாத்தும் வாங்கி வைத்தேன். தோட்டத்துக்கோ என்று கேட்டார். ஓம் என்றேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் காரில் எல்லாம் ஏற்றியாயிற்று. மோல்ட்டாக்காரர் முன் சீற்றில். பின் சீற்றில் அவருடைய நாய். நான் ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்துவிட்டு, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கடைசியாகக் கேட்டேன்.

"நானும் வரட்டே?"

"விரதக்காரிக்கு அங்க என்ன வேலை? ரத்தமும் இறகுமாக் கிடக்கும்."

சிநேகிதர் என்ன என்று கேட்க, இவர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். கார் போய்விட்டது. நான் நேர்ந்தது மச்சம் தின்னாமல் இருக்க. வாத்தைப் பார்க்காமல் இருக்க நான் நேரவே இல்லை. அந்த ஒரு வசனம் அப்போது வாயில் வரவில்லை.

சனிக்கிழமை விடிய எழும்பிப் பின்வளவில் நின்றேன். வரிசையாகப் புது வீடுகள். ஒரு காகம்கூட இல்லை. இந்த நேரம் வாத்துகள் எழும்பியிருக்கும், இந்த நேரம் முதல் வெடி விழுந்திருக்கும் என்று நினைக்க நினைக்க எரிச்சல் வந்தது. அவரில் பாதி, என்னில் பாதி.

மத்தியானம் கழிய வந்தார். ஒன்றும் சுடவில்லை. ஒவ்வொருதரமும் துவக்கைத் தூக்குவாராம், உச்சிக்குடுமியாக இருந்தால் என்ன செய்வது என்று இறக்குவாராம். சிநேகிதர் தன் பங்கை நிறைத்துக்கொண்டாராம். அதெல்லாம் எனக்கு வேண்டாம். தேத்தண்ணியை வைத்துவிட்டு முன்னால் இருந்தேன்.

"வாத்துகள் எழும்பேக்க எப்பிடி இருந்தது?"

"கன வாத்து, எண்ணேலாது."

"என்ன வாத்து?"

"வாத்து வாத்துதானேயப்பா."

கழுத்தை நீட்டினதோ, கூனினதோ என்று கேட்டேன். நீட்டினமாதிரியும் கிடந்தது, கூனினமாதிரியும் கிடந்தது என்றார். வானம் நிறைய எழும்பியதாம், குளமே கறுத்துப் போனதாம். அதற்கு மேல் ஒரு விபரமும் இல்லை. நாலு மாதம் காத்திருந்த எனக்கு வந்து சேர்ந்தது அவ்வளவுதான்.

கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "நீர் பக்கத்தில நிண்டிருந்தா எது எதெண்டு சொல்லியிருப்பீர்," என்றார்.

அடுத்த சனி வாறன் என்றேன். முதல் நாளோடு எல்லாம் கலைந்து போயிற்று, இனி இரண்டு மூன்றாகத்தான் வரும் என்றார். வரட்டும் என்றேன். உடனே பழையபடி விரதக் கதையை எடுத்தார்.

"நான் தின்ன வரேல்லை. பாக்க வாறன்."

ஒரு நாள் பிந்திச் சொன்னேன்.