பொட்டலத்துக்கு ஆகாத புத்தகம்

எங்கள் வீட்டில் அதற்குக் கப்பல் புத்தகம் என்றுதான் பெயர். அட்டையில் இங்கிலீஷில் பெரிதாக வேறென்னவோ அச்சடித்திருந்தது. கோரிப்பாளையத்தில் எங்கள் சந்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாததால் நாங்கள் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. மாதம் ஒருமுறை சீமையிலிருந்து தல்லாகுளத்துத் துரை ஒருவருக்கு அது வரும். அவர் பார்த்து முடித்ததும் பழைய பேப்பரோடு எடைக்குப் போடுவார்கள். என் அத்தா வாங்கி வருவார். தகப்பனாரை நாங்கள் அத்தா என்போம். பழைய பேப்பரை வாங்கி, பொட்டலம் மடிக்க மளிகைக் கடைகளுக்குக் கொடுப்பது அவர் தொழில். வைகையில் முழங்கால் நனையத் தண்ணீர் வந்தாலே ஊர் கூடிப் போய்ப் பார்க்கிற மதுரையில் இருந்துகொண்டு, பாய்மரப் படகுகளைப் பற்றி ஒரு மனுஷன் எதற்குப் புத்தகம் வரவழைக்கிறார் என்பது அத்தாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அவ்வளவு உசத்தியான காகிதத்தை அதற்குப் பிறகு நான் தொட்டதில்லை. கெட்டியாக, வழவழவென்று இருக்கும். படத்தில் அலையின் நுரைகூடத் தனித்தனியாகத் தெரியும். அந்த உசத்திதான் அதற்கு வினையாகப் போனது. "மடிச்சா நிக்கமாட்டேங்குது அண்ணே, நூலு வேற வழுக்குது. சீனி அம்புட்டும் தரையில போச்சு," என்று மளிகைக்காரர் முதல் புத்தகத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைக்கு ஆகாதது வீட்டுக்கு வந்தது, அம்மா கைக்குப் போனது.

அம்மா பாம்பன்காரி. அவளைப் பெற்ற நன்னா சொந்தத் தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றியவர். அவள் பிறந்த வீட்டுக்குப் போய் வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. காரணம் ஒரு சாப்பாடு. எங்களில் விருந்தென்றால் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் சாப்பிடுவார்கள். அதைச் சகன் என்போம். என் மாமா கல்யாணத்தில் முதல் சகனில் யாரோ கொழும்பு வியாபாரியை உட்காரவைத்துவிட்டு, வீட்டு மாப்பிள்ளையான அத்தாவை அடுத்த சகனுக்குத் தள்ளிவிட்டார்களாம். கை நனைக்காமல் எழுந்து வந்தவர், இனி அந்த ஊர் மண்ணைத் தானும் மிதிப்பதில்லை, அம்மாவும் மிதிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். மற்றபடி இளகிய மனசுக்காரர்தான். அம்மா ஊர் நினைப்பில் கண்ணைக் கசக்கினால் அவருக்குப் பொறுக்காது. அந்தச் சமயத்தில்தான் கப்பல் புத்தகம் வந்து இரண்டு பேரையும் காப்பாற்றியது.

மத்தியானத்தில் அம்மா அதை மடியில் விரித்துக்கொள்வாள். நான் அவள் தோளில் தொற்றிக்கொள்வேன். "இது கச்சான் காத்து, பாரு, பாய் எப்புடி உப்பிப்போய்க் கெடக்கு," என்பாள். "இம்புட்டு வெள்ளைப் பாயை எந்தப் புண்ணியவதி தொவைக்கிறாளோ," என்று கேலி செய்வாள். ஒரு நாள் அத்தாவிடம் கேட்டாள்: "இம்புட்டுப் படகு போகுதே, ஒண்ணுலயும் சரக்கைக் காணோம். என்னத்துக்குப் போறாக?"

துரை வீட்டுச் சமையல்காரரிடம் விசாரித்துக்கொண்டு வந்து அத்தா சொன்னார்: "சும்மாத்தானாம். ஒரு சுத்துச் சுத்திட்டு, கெளம்புன கரைக்கே திரும்பி வந்துருவாகளாம்."

"குடுத்து வச்சவுக," என்றாள் அம்மா. அத்தாவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

பிறகு உலக யுத்தம் வந்தது. சீமையில் காகிதத்துக்குப் பஞ்சம் என்று புத்தகத்தையே நிறுத்திவிட்டார்கள். துரை இப்போது பழையதையே எடுத்து எடுத்துப் பார்க்கிறார், இனி ஒன்றைக்கூட எடைக்குப் போடமாட்டார் என்று சமையல்காரர் கையை விரித்தார். அம்மா கொஞ்ச மாதம் பொறுத்தாள். ஒரு காலையில், அத்தா பசியாறிக்கொண்டிருக்கும்போது வாய்விட்டுக் கேட்டாள்.

"புக்கு இனிமே வராதுன்னு ஆகிப்போச்சு. என்னைய ஒருக்கா ஊருக்குக் கூட்டிட்டுப் போங்களேன். எங்க வாப்பாவுக்கும் வயசாயிருச்சு. நீங்க அங்க பச்சத் தண்ணிகூடக் குடிக்க வேணாம். என்னைய வாசல்ல விட்டுட்டு நில்லுங்க, போதும்."

அத்தா பாதியில் கை கழுவினார். தொப்பியை மாட்டிக்கொண்டு, "வா புள்ள," என்று என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். ஊருக்குப் போக ஏற்பாடு செய்யப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ கப்பல் புத்தகம் தேடப் போனார். தல்லாகுளத்துப் பங்களாக்களில் ஒன்று விடாமல் பின்கட்டுப் பக்கம் போய்க் கேட்டார். ஒரு வீட்டில் நாய்களைப் பற்றிய புத்தகம் கொடுத்தார்கள், இன்னொன்றில் ரோஜாச் செடிகளைப் பற்றியது. "தண்ணி இருக்கணும், படகு இருக்கணும்," என்று அத்தா கையால் அலை போட்டுக் காட்டியதைப் பார்த்து ஒரு பட்லர் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வெயிலில் பாலம் தாண்டி, மாசி வீதிகளில் பழைய புத்தகக் கடைகளெல்லாம் ஏறி இறங்கினோம். எனக்குக் கால் வலித்தது. ஆனாலும் பெருமையாக இருந்தது. பெண்டாட்டி கேட்டாள் என்பதற்காக இப்படி அலைகிற மனுஷன் எங்கள் சந்தில் வேறு யார் இருந்தார்கள்?

பொழுது சாயும் நேரத்தில், அட்டை கிழிந்த ஒன்று கிடைத்தது. ஜெயித்த மாதிரி வீட்டுக்கு வந்து அம்மா கையில் கொடுத்தோம். அவள் நாலு பக்கம் புரட்டினாள். "நல்லாருக்கு," என்று அலமாரியில் வைத்தாள். அது அவள் ஏற்கெனவே பார்த்ததுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தாவிடம் நான் சொல்லவில்லை. அன்று இரவு அம்மா மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு செய்தும் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இல்லையே என்று.

அந்த வருஷமே நன்னா மௌத்தான சேதி வந்தது. சேதி வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு அம்மா ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்கவேயில்லை. போகவும் இல்லை. 

அந்த வயதில் பாம்பனும் புத்தகத்துக் கடல் மாதிரி எட்டாத தூரத்தில் இருப்பதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அங்கே போக வழியில்லாததால்தான் அத்தா, பாவம், தன்னால் முடிந்ததைச் செய்கிறார் என்று எண்ணினேன். அம்மா மௌத்தான பிறகு, என் பிள்ளைகளோடு ஒருமுறை பாம்பனுக்குப் போனேன். காலையில் மதுரை ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். கட்டிக்கொண்டு போன சோற்றை அவிழ்ப்பதற்குள் ஜன்னலில் கடல் வந்துவிட்டது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தப் பக்கம் தினமும் ரயில் போகிறதாம். அன்றைக்கு அத்தாவும் நானும் நடந்த நடையில் பாதி நடந்திருந்தால் ஸ்டேஷன் வந்திருக்கும்.