பழுதில்லாத லிப்ட்

மொட்டை மாடி மோட்டர் ரூமைத் திறந்தவுடன் கிறீசும் கடல் உப்பும் சேர்ந்து ஒரு மணம் அடிக்கும்... கொழும்பு வெள்ளவத்தையில நான் லிப்ட் டெக்னீஷியனாச் சேர்ந்த புதுசு.

கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில ஒரு அடுக்குமாடி பிளட். "காலமையில லிப்ட் நிக்குது, பிறகு தானா ஓடுது" எண்டு நாலாம் மாடி அன்ரி ஒராள் கோல் எடுத்திருந்தா. நான் போகேக்கையும் லிப்ட் நிக்குது. எரிச்சலோட படியேறினன்.

எதிர அந்த அன்ரி இறங்கி வாறா. முதுகில மகன். ஸ்கூல் வெள்ளைச் சட்டை, மீசை அரும்பின பெடியன். பிறந்ததில இருந்து நடக்க ஏலாது. வாய் மட்டும் நல்லா ஓடும்.

"லிப்ட் திருத்த வந்த அண்ணையும் படியாலயா வாறீங்கள்?"

"ஆடாத இரடா. அம்மா விழுந்தா ரெண்டு பேரும் சரி" எண்டா அன்ரி, மூச்சு வாங்க. ஒரு கையால சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு இறங்கினா...

மேல மோட்டர் ரூமில கொன்ட்ரோலரைத் திறந்து பாத்தன். ஒரு எரரும் இல்லை. வயரிங் சரி, பிறேக் சரி. கீழ வந்து பாத்தா, சுவரில இருக்கிற, லிப்டை நிப்பாட்டுற கீ சுவிட்சை ஆரோ திறப்புப் போட்டு ஓஃப் பண்ணி வச்சிருக்கினம்.

அந்தத் திறப்பு வச்சிருக்கிற பிளட் கமிட்டி அங்கிளைக் கேட்டன். அவர் ஒளிக்கவே இல்லை. "வீல்செயார் பட்டு லிப்டின்ர புதுக் கதவெல்லாம் கீறல் தம்பி. ஸ்கூல் நேரம் மட்டும்தானே நிப்பாட்டுறன்."



மகனை ஸ்கூல் வான் வண்டியில ஏத்திப்போட்டு வந்த அன்ரியிட்டச் சொன்னன்.

"தெரியும் தம்பி. பழுதெண்டு சொன்னாத்தானே நீங்கள் வருவீங்கள்."

"அப்ப ஏன் சண்டை பிடிக்கேல்லை?"

"வாடகை வீடு. வீட்டை விட்டு எழும்பச் சொன்னா, இவனோட எங்களை ஆர் எடுப்பினம்? உங்களால ஏதும் செய்ய ஏலுமே? அவன் வளருறான்... எனக்கு வயசு போகுது."

திரும்ப மேல போனன். அந்தச் சுவிட்சுக்குப் போற வயரைக் கழட்டி டேப் சுத்தி விட்டன். இனி அங்கிள் திறப்பை எந்தப் பக்கம் திருகினாலும் லிப்ட் ஓடும்.

கன வருசம் போட்டுது; இப்ப எல்லாம் வீட்டுக்கொரு கார்ட் குடுத்து, அதைக் காட்டினா ஓடுற லிப்ட். திறப்பும் இல்லை, கழட்ட வயரும் இல்லை... போன கிழமை பம்பலப்பிட்டியில ஒரு புது பிளட். கமிட்டிக்காரர் ஒராள் மெதுவாக் கேட்டார்.

"ஒரு வீட்டின்ர கார்டை மட்டும் காலமையில வேலை செய்யாமப் பண்ணலாமோ?"

"அந்த வீட்டில ஆர் இருக்கினம்?"

"அது உங்களுக்கு ஏன்?"

"இந்த சிஸ்டத்தில ஏலாது" எண்டன்.

ஏலும். போனிலயே ரெண்டு தட்டுத்தான்.

அடுத்து வாற டெக்னீஷியன் உண்மையைச் சொல்லிப்போடுவானோ எண்டுதான் யோசினையா இருக்கு...