வெள்ளாப்புக் கேள்வி

"தலையக் காட்டுங்க அண்ணாச்சி."

ஆட்டோக்காரர் மகாதேவன் சிரித்துக்கொண்டே குனிகிறார். ஷமீம் பானு அவர் முடியைப் பார்க்கிறாள். ஈரம் இருக்கிறது. அப்படியானால் குற்றாலம் மெயினருவியில் தண்ணீர் விழுகிறது என்று அவர் சொன்னது உண்மைதான்.

குத்துக்கல்வலசையில், வீட்டு முன்னறையில்தான் அவளது தையல் மிஷின். யாராவது இரண்டரை மீட்டர் துணி என்று நீட்டினால், அவர்கள் கண்முன்னே டேப்பை விரித்து அளப்பாள். கடையிலேயே அளந்ததுதானே என்றால், "அவரு அளந்தது அவருக்கு" என்பாள். கணவர் அப்துல் ஜப்பார் வளைகுடாவில் வேலை பார்க்கும் தம்மாமிலிருந்து அனுப்பும் சோப்பைக்கூட உறை பிரித்து மோந்து பார்த்த பிறகுதான் அலமாரியில் வைப்பாள்.

இது பிறவிக்குணம் அல்ல. தங்கை ஹஃப்சாவைப் பெண் கேட்டு வந்தவன், "நானும் இந்த ஊருதான்" என்று சொல்லி, குற்றாலத்தில் ஒரு மாடி வீட்டைத் தன் வீடாகக் காட்டினான். அது சீசனுக்கு வாடகைக்கு விடுகிற வீடு என்பது நிக்காஹ் முடிந்து மூன்றாம் மாதம்தான் தெரிந்தது. அதற்குள் அவனைக் காணவில்லை.

அதனால் மகள் முஹ்ஸினாவுக்கு வரும் ஒவ்வொரு மாப்பிள்ளையிடமும் ஷமீம் ஒன்று கேட்பாள். "விடியுததுக்கு முன்ன லேசா வெளுக்கும்லா தம்பி, அதுக்கு உங்க வீட்டுல என்ன சொல்லுவீங்க?"

அவள் எதிர்பார்க்கும் பதில், வெள்ளாப்பு. கருக்கல் கலைந்து, வெயில் வருமுன் வானம் வெளுக்கிற பொழுது. வெள்ளையில் பிறந்த சொல் என்பது கேட்டாலே தெரியும். சம்பளச் சீட்டைப் போலியாக அச்சடிக்கலாம். வீட்டுக்குள் காதில் விழுந்த சொல்லை அச்சடிக்க முடியாது என்பது அவள் எண்ணம். ஒருவன் "அதிகாலை" என்றான். "அப்படி நியூஸ் வாசிக்கவன்தான் சொல்லுவான்." இன்னொருவன் "ஏர்லி மார்னிங்" என்றான். மூன்றாமவன் அந்த நேரத்தில் எழுந்ததே இல்லை என்றான். உண்மை பேசினானே என்று அவனுக்கு மட்டும் ஒரு டீ கிடைத்தது.

போன வெள்ளிக்கிழமை, தோஹாவில் வேலை பார்க்கும் உவைஸ் வீடியோ காலில் வந்தான். வீடு குற்றாலம் ரோட்டில். கேள்வி முடியுமுன்பே, "வெள்ளாப்பு, மாமி" என்றான்.

அந்த வேகம் ஷமீமுக்குப் பிடிக்கவில்லை. "அந்தச் சொல்லு எப்படி வந்துச்சாம்?"

"தறியில உக்காந்தவனுக்கு வெள்ள நூலு, கருப்பு நூலு பிரிஞ்சு தெரியுத நேரம் மாமி. மொதல்ல வெள்ளதான் கண்ணுல ஆப்புடும். அதான் வெள்ளாப்பு."

ஷமீமின் கையில் கத்தரிக்கோல் நின்றது. இந்த விளக்கம் எந்தத் தறிக்காரரும் சொன்னதல்ல. முஹ்ஸினா ஏழாம் வகுப்புப் படிக்கும்போது நச்சரித்துக் கேட்டாள் என்று, அவள் வாயை அடைக்க ஷமீமே கட்டிவிட்டது. மகளைத் தவிர வேறு ஒருவரிடமும் சொன்னதில்லை.

போனைத் துணிமேல் கவிழ்த்து வைத்தாள். ஓரமாக உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்த முஹ்ஸினா நிமிரவே இல்லை.

"ஏட்டி, எத்தன மாசமா?"

"என்னதும்மா?"

"நம்ம வீட்டு வெள்ள நூலு எத்தன மாசமா தோஹாவுல ஓடுது?"

ஊசி ஒரே ஓட்டையில் மூன்று முறை போய் வந்தது. "எட்டு."

"வீடு?"

"சொந்த வீடுதான். வீட்டுத் தீர்வை ரசீது கேட்டு வாங்கிட்டேன்."

"யாரு பேர்ல?"

"அவங்க வாப்பா பேர்ல. மூணு வருசத்தது இருக்கு. அதையும் நம்பல. ஹஃப்சா சாச்சியக் கூட்டிக்கிட்டு நேர்ல போனேன். சாச்சி பக்கத்துல நாலு வீட்டுல விசாரிச்சா."

"ஹஃப்சாவா?"

"அவதான் மொதல்ல கிளம்புனா."

கவிழ்ந்து கிடந்த போனிலிருந்து, "மாமி, லைன்ல இருக்கீங்களா?" என்ற குரல் இரண்டு முறை வந்தது.

ஷமீம் எழுந்தாள். மகளின் தலையிலிருந்து நழுவியிருந்த முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டு, போனை நிமிர்த்தி அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள்.