பெனித்தோவின் மாமியார்

பெனித்தோ கால்மோ இறந்து ஒன்பதாம் நாள். ஜெபம் முடிந்து சோளமாவுக் கொழுக்கட்டையும் காப்பியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் ஹசிந்தா குடிநீர்க் குழாய்ப் பொறியாளர். இத்தனை நாளும் அவள் அழவில்லை. நாற்காலிகளை அடுக்கினாள், ஒழுகிய கூரையை அடைத்தாள்.

வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பத்தைந்து, ஐம்பது வயதிருக்கும். கையில் மெழுகுவத்திக் கட்டு, தலைச்சுமையாக ஒரு பை சோளம்.

"யாருங்க நீங்க?"

"ரேடியோவுல சாவுச் செய்தி சொன்னாங்க. நான் அவரோட மாமியார்."

ஹசிந்தா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். இவள்தான் எவுலாலியா.

பதினேழு வருடத்துக்கு முந்தைய கதை. குவாத்தமாலாவின் மேற்கு மலையில், மாகாண நீதிமன்றத்தில் பெனித்தோவுக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை, தற்காலிகம்; மலைப் பழங்குடிகள் பேசும் மாம் மொழிக்கு. கோப்புகளில் 'மாம்' என்று ஒரே சொல்லாக எழுதிவிடுவார்கள். ஆனால் ஒரு மலை தாண்டினால் பேச்சு மாறும்; மூன்று மலை தாண்டினால் சந்தையில் விலை கேட்கத்தான் உதவும். அன்றைய கோப்பிலும் மாம் என்றுதான் இருந்தது. அதை நம்பி ஒப்புக்கொண்டது தன் தப்பு என்று அவர் கடைசிவரை சொன்னார்.

பக்கத்து வீட்டு ஆட்டுக் கொட்டகைக்கு எவுலாலியா தீ வைத்தாள் என்பது வழக்கு. போலீசில் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டதாக வாக்குமூலம் இருந்தது. இங்கேயும் ஒத்துக்கொண்டால் ஆறு வருடம் சிறை.

"மத்தியானத்துக்குள்ள முடிச்சுக் குடுய்யா பெனித்தோ," என்றார் குமாஸ்தா. "உன் நிரந்தர வேலைக் காகிதம் அடுத்த வாரம் கையெழுத்துக்குப் போகுது."

பெனித்தோ கேட்ட எல்லாவற்றுக்கும் அவள் குனிந்து தலையாட்டினாள். வயதில் மூத்த ஆண் பேசும்போது தலையாட்டாமல் நிற்பது அவள் ஊரில் மரியாதைக் குறைவு. நாலாவது கேள்வியில் அவருக்குச் சந்தேகம் வந்தது. தன் ஊர் மாம் பேச்சில் கேட்டார்: "அம்மா, நீங்க என் மாமியாரா?"

தலையாட்டினாள்.

பெனித்தோ நீதிபதி பக்கம் திரும்பினார். "ஐயா, இந்தப் பொண்ணு என் மாமியாராம். இப்பத்தான் ஒத்துக்கிச்சு. என்னைவிடப் பதினஞ்சு வயசு சின்னது."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"இவங்க பேச்சு எனக்குப் பாதிதான் புரியுது. என் பேச்சு இவங்களுக்கு அதுகூட இல்ல. நான் விலகிக்கிறேன். காரணத்தைப் பதிவுல எழுதுங்க. போலீஸ்ல யாரு மொழிபெயர்த்தாங்கன்னும் கேளுங்க."

வழக்கு தள்ளிப்போனது. பெனித்தோ இரண்டு பஸ் மாறி அவள் ஊருக்குப் போய், மொழிபெயர்க்க, ஸ்பானிஷ் தெரிந்த பள்ளிக்கூட வாத்தியாரைக் கையோடு கூட்டிவந்தார். தீப்பிடித்த அன்று எவுலாலியா வேறு ஊரில் தங்கைக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாள். சாட்சி மூன்று பேர். அவளுக்குப் புரியும் பேச்சில் அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். மூன்றாவது வாரம் விடுதலை.

வேலைக் காகிதம் கையெழுத்துக்குப் போகவேயில்லை. ஹசிந்தா அப்போது கல்லூரியில் முதல் வருடம்.

"பாதி புரிஞ்சுதுல்லப்பா? மீதியை ஒப்பேத்தியிருக்கலாமே! எல்லாரும் அதைத்தானே செய்யறாங்க?"

"நாளைக்கு நீ போடற குழாயில பாதித் தண்ணிதான் வருதுன்னா, மீதி எங்க போகுதுன்னு தேடுவியா, ஒப்பேத்துவியா?"

இரண்டு வாரம் அவள் அப்பாவோடு பேசவில்லை. பிறகு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, தேடிக்கொண்டுதான் இருக்கிறாள். இதை அவரிடம் சொன்னதில்லை.

எவுலாலியா சோளப்பையை இறக்கினாள். இப்போது கொஞ்சம் ஸ்பானிஷ் வருகிறது அவளுக்கு.

"அவர் என்ன கேட்டாருன்னு வாத்தியார் அப்புறமாத்தான் சொன்னாரு. ஊரே சிரிச்சுது. ஆனா மருமகனுக்கு நான் ஒரு வேளை சோறு போடலயே."

"உள்ள வாங்க பாட்டி," என்றாள் ஹசிந்தா. சொன்னதும் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே, ஒன்பது நாள் வராத அழுகையும்.

எவுலாலியா அவள் தலையில் கை வைத்துத் தன் பேச்சில் நீளமாக ஏதோ சொன்னாள். ஹசிந்தாவுக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. தலையாட்டப் போனவள் நிறுத்திக்கொண்டாள்.

"எனக்குப் புரியலங்க. ஸ்பானிஷ்ல சொல்லுங்க, மெதுவா. நான் கேட்டுக்கிறேன்."